ஆலிஸ் கீ பிளாஷே

ஆலிஸ் கீ பிளாஷே (ஜூலை 1, 1873 – மார்ச் 24, 1968) பிரான்சில் பிறந்த திரைப்பட இயக்குநர், தயாரிப்பாளர், திரைக்கதை எழுத்தாளர் ஆவார். உலகின் முதல் பெண் திரைப்பட இயக்குநராக இவர் கருதப்படுகிறார். திரைப்படத்தைக் கதை சொல்லும் கலையாகப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். 1896 முதல் 1907 வரை பாரிசிலிருந்த கோமோன் நிறுவனத்திலும், பின்னர் 1920 வரை அமெரிக்காவிலும் படங்களை உருவாக்கினார். சோலாக்ஸ் என்னும் திரைப்பட நிறுவனத்தைத் தோற்றுவித்துத் தனக்கெனச் சொந்தப் படப்பிடிப்புத் தளத்தையும் கட்டினார்.

இவர் இயக்கிய அல்லது தயாரித்த படங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1000 என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை சில நிமிடங்களே ஓடும் குறும்படங்கள். சுமார் 150 படங்களே இன்று எஞ்சியுள்ளன. திரைப்படத் துறையிலிருந்து விலகிய பின் இவருடைய பெயர் வரலாற்று நூல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்து போனது. இவருடைய படங்கள் சில, உடன் பணியாற்றிய ஆண்களின் பெயரில் பதிவாயின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இவருடைய பங்களிப்பு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இவருடைய குடும்பப் பெயர் பிரெஞ்சு மொழியில் "கீ" என்று ஒலிக்கும். ஆங்கிலம் பேசுவோர் அதனைக் "கை" என்று ஒலிப்பதுண்டு. பிளாஷே என்பது கணவரின் குடும்பப் பெயர்.

இளமைக் காலம்

ஆலிஸ் பாரிசை அடுத்த சேன் மாந்தே என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை எமில் கீ தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் புத்தகக் கடைகளை நடத்தி வந்தார். குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் ஆலிஸ் சுவிட்சர்லாந்தின் கரூஜ் நகரில் பாட்டியிடம் வளர்ந்தார். பின்னர் சில ஆண்டுகள் சிலியில் பெற்றோருடன் வாழ்ந்தார். அதன்பின் பள்ளிக் கல்விக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டுக் கிறித்தவத் துறவியர் நடத்திய விடுதிப் பள்ளியில் பயின்றார்.

குடும்பத் தொழில் நொடித்தது. 1891 இல் தந்தை இறந்தார். தாயையும் காக்க வேண்டிய நிலையில் ஆலிஸ் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார். அக்காலத்தில் இவை பெண்களுக்குப் புதிதாகத் திறந்த வேலைவாய்ப்புகளாக இருந்தன. 1894 இல், தமது 21 ஆம் வயதில், பாரிசிலிருந்த ஒரு ஒளிப்படக் கருவி விற்பனை நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தார். அதன் மேலாளராக இருந்தவர் லேயோன் கோமோன். அடுத்த ஆண்டில் கோமோன் சில முதலீட்டாளர்களின் துணையுடன் அந்நிறுவனத்தை வாங்கித் தம் பெயரில் நடத்தத் தொடங்கினார். ஈபெல் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈபெல் அம்முதலீட்டாளர்களுள் ஒருவர்.

கோமோன் நிறுவனத்தில்

1895 மார்ச் 22 அன்று லூமியேர் சகோதரர்கள் தாம் உருவாக்கிய சினிமாட்டோகிராஃப் கருவியைப் பாரிசில் ஒரு சிறு அவையினர் முன் இயக்கிக் காட்டினர். பொதுமக்களுக்கான கட்டணக் காட்சி அவ்வாண்டு டிசம்பரில்தான் நடந்தது. மார்ச் காட்சிக்குக் கோமோனுடன் ஆலிசும் சென்றிருந்தார். தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதைக் காட்டும் படம் அங்கே திரையிடப்பட்டது.

தொடக்கத்தில் கோமோன் நிறுவனத்தின் நோக்கம் கருவிகளை விற்பதே. கருவி எவ்வாறு இயங்குகிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டவே சிறு படங்கள் எடுக்கப்பட்டன. அணிவகுப்புகள், தொடருந்துகள் முதலிய அன்றாடக் காட்சிகளே அவற்றில் இடம்பெற்றன. இவற்றைவிடச் சுவையாக, நடிகர்களைக் கொண்டு சிறு கதைகளை எடுக்கலாம் என்று ஆலிஸ் கருதினார். கோமோனிடம் அனுமதி கேட்டார். செயலாளர் வேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது.

அவ்வாறு உருவானதே "முட்டைக்கோசுத் தேவதை". ஆண் குழந்தைகள் முட்டைக்கோசிலிருந்தும் பெண் குழந்தைகள் ரோசா மலரிலிருந்தும் பிறப்பதாகப் பிரெஞ்சுக் குடும்பங்களில் குழந்தைகளுக்குச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு தேவதை முட்டைக்கோசுகளுக்குள்ளிருந்து குழந்தைகளை எடுத்துக் காட்டுவதே படத்தின் கரு. ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடுவது. பாரிசின் பெல்வில் பகுதியில் ஒரு வீட்டின் தளத்தில் வரைந்த திரைச்சீலையைக் கட்டி, மரத்தால் முட்டைக்கோசுகள் செய்து, நண்பர்களையே நடிக்க வைத்துப் படமெடுத்ததாக ஆலிஸ் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

இதன் பின்னர் அவர் நிறுவனத்தின் படத் தயாரிப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். கதை எழுதுதல், நடிகர் தேர்வு, அரங்க அமைப்பு, உடை, இயக்கம் எனப் பல பணிகள் அவரிடம் இருந்தன. 1905 இல் பாரிசின் பூட் ஷோமோன் பகுதியில் கோமோன் பெரிய கண்ணாடிக்கூரைப் படப்பிடிப்புத் தளம் ஒன்றைக் கட்டியது. அதன் பின் படங்களின் அளவும் செலவும் கூடின. பிற்காலத்தில் புகழ்பெற்ற லூயி ஃபெயாத் இவரிடம் கதை எழுதுபவராகப் பணியில் சேர்ந்தவர். விக்தோரன் ஜாசே உதவி இயக்குநராகவும், ஆன்றி மெனெசியே அரங்க அமைப்பாளராகவும் இவரிடம் பணியாற்றினர்.

முதற்படம் பற்றிய கருத்து வேறுபாடு

"முட்டைக்கோசுத் தேவதை" எடுக்கப்பட்ட ஆண்டு பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆலிஸ் அதனை 1896 எனக் குறிப்பிட்டார். இன்று கிடைக்கும் படச்சுருள் 1900 ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனப் பட்டியல்களைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஆலிஸ் தம் முதற்படத்தில் பல நடிகர்கள் இருந்ததாகக் கூறியிருக்க, இப்படச்சுருளில் தேவதை மட்டுமே தோன்றுகிறாள். 1902 இல் இதே கருவை விரித்து அவர் எடுத்த "முதல்தர மருத்துவச்சி" என்னும் படத்தில் ஓர் இணையர் குழந்தை வாங்க வருகின்றனர். அதில் கணவன் வேடத்தில் ஆலிசே நடித்துள்ளார்.

இதனால், 1896 இல் எடுக்கப்பட்ட முதல் வடிவம் அழிந்துவிட்டது என்று ஒரு சாராரும், நினைவிலிருந்து எழுதும்போது இரு படங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று மற்றொரு சாராரும் கருதுகின்றனர். உலகின் முதல் கதைப்படம் இதுவே என்னும் கூற்றும் விவாதத்துக்குரியது. லூமியேர் நிறுவனம் 1895 இலேயே தோட்டக்காரன் மீது நீர் பாயும் சிறு நகைச்சுவைப் படத்தை எடுத்திருந்தது. ஜார்ஜ் மெலியேசும் 1896 இல் படமெடுக்கத் தொடங்கிவிட்டார். எனினும், அந்தத் தலைமுறை இயக்குநர்களுள் பெண் இவர் ஒருவரே என்பதில் ஆய்வாளர்களிடையே பொதுவான உடன்பாடு உண்டு.

ஒலியுடன் கூடிய படங்கள்

பேசும் படங்கள் பரவலாவதற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பே ஆலிஸ் ஒலியுடன் கூடிய படங்களை இயக்கினார். கோமோனின் குரோனோஃபோன் என்னும் கருவி, படம் காட்டும் கருவியையும் இசைத்தட்டுக் கருவியையும் மின்சாரத்தால் இணைத்து ஒரே வேகத்தில் இயக்கியது. இக்கருவிக்காக எடுக்கப்பட்ட படங்கள் ஃபோனோசேன் எனப்பட்டன.

இவற்றின் செய்முறை எளிது. முதலில் பாடகரின் குரல் பதிவு செய்யப்படும். பின்னர் அப்பதிவை ஒலிக்கவிட்டு, பாடகர் அதற்கேற்ப வாயசைத்து நடிப்பதைப் படமெடுப்பர். இந்தியத் திரைப்படங்களில் பாடற்காட்சிகள் படமாக்கப்படும் முறையும் அடிப்படையில் இதுவே. 1902 முதல் 1906 வரையான காலத்தில் ஆலிஸ் இத்தகைய 100 க்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். மயோல், திரானெம், போலன் முதலிய புகழ்பெற்ற பாரிஸ் மேடைப் பாடகர்கள் அவற்றில் தோன்றினர். இசைத்தட்டின் நீளம் சில நிமிடங்களே என்பதால் படங்களும் அந்த அளவைத் தாண்ட இயலவில்லை. பெரிய அரங்கில் கேட்கும் அளவுக்கு ஒலியைப் பெருக்குவதும் அன்று கடினமாக இருந்தது.

ஆலிஸ் ஒரு ஃபோனோசேன் படப்பிடிப்பை நடத்துவதைக் காட்டும் 1905 ஆம் ஆண்டுப் படச்சுருள் ஒன்று எஞ்சியுள்ளது. இயக்குநர் ஒருவர் பணியில் இருப்பதைக் காட்டும் மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்று.

பிரான்சில் எடுத்த முக்கியப் படங்கள்

"கிறிஸ்துவின் வாழ்க்கை" (1906): 25 காட்சிகளைக் கொண்டது. ஏறத்தாழ 300 துணைநடிகர்கள் பங்கேற்றனர். அரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் இப்படம் அக்கால அளவில் மிகப் பெரிய முயற்சியாகும். ஓவியர் ஜேம்ஸ் டிசோவின் விவிலிய ஓவியங்களைப் பின்பற்றி அரங்குகளும் உடைகளும் அமைக்கப்பட்டன. சமாரியப் பெண், வெரோனிக்கா முதலிய பெண்களுக்குத் தனிக் காட்சிகள் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

"பெண்ணியத்தின் விளைவுகள்" (1906): ஆண்களும் பெண்களும் இடம் மாறிய ஓர் உலகைக் காட்டும் நகைச்சுவைப் படம். ஆண்கள் தைக்கின்றனர், துணி தேய்க்கின்றனர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கின்றனர். பெண்கள் மதுக்கடையில் அமர்ந்து புகைபிடித்து, வழியில் செல்லும் ஆண்களைச் சீண்டுகின்றனர். இறுதியில் ஆண்கள் கிளர்ந்தெழுந்து பெண்களை மதுக்கடையிலிருந்து விரட்டுகின்றனர். முடிவை மட்டும் பார்த்தால் பெண்ணுரிமையைக் கேலி செய்வது போலத் தோன்றும். ஆனால், பெண்கள் நாள்தோறும் பட்ட துன்பங்களை ஆண்கள் மீது ஏற்றிக் காட்டியதன் வழியே, அவை எவ்வளவு பொருந்தாதவை என்பதைப் படம் உணர்த்துகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். இதே கருவை 1912 இல் அமெரிக்காவில் "2000 ஆம் ஆண்டில்" என்ற பெயரில் மீண்டும் எடுத்தார். அப்படம் கிடைக்கவில்லை.

"அம்மையாரின் ஆசைகள்" (1906): கருவுற்ற பெண்ணின் மசக்கையைப் பற்றிய படம். அவள் குழந்தையின் மிட்டாய், குடிப்பவரின் மதுக்கிண்ணம், பிச்சைக்காரரின் மீன் என்று வழியில் கண்டதையெல்லாம் பறித்துச் சுவைக்கிறாள். கணவன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னே ஓடுகிறான். அவள் சுவைத்து மகிழும் ஒவ்வொரு முறையும் முகம் தெரியும்படி அண்மைக் காட்சி வைக்கப்பட்டுள்ளது. நடிப்பை வெளிப்படுத்தும் நோக்குடன் அண்மைக் காட்சியைப் பயன்படுத்திய தொடக்ககால எடுத்துக்காட்டாக இது சுட்டப்படுகிறது.

அமெரிக்காவில்

1907 இல் ஆலிஸ், கோமோன் நிறுவனத்தில் பணியாற்றிய எர்பெர் பிளாஷேயை மணந்தார். குரோனோஃபோன் கருவியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தும் பணி கணவருக்குக் கிடைத்ததால் இருவரும் அங்கே குடியேறினர். தம் பதவிக்கு ஃபெயாத்தை ஆலிஸ் பரிந்துரைத்தார். பின்னர் கணவர் நியூ யார்க்கின் பிளஷிங் பகுதியில் இருந்த கோமோன் தளத்தை மேற்பார்வையிட்டார். அத்தளம் பல நாட்கள் பயன்பாடின்றிக் கிடந்ததைக் கண்ட ஆலிஸ், 1910 செப்டம்பரில் சோலாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி அங்கேயே படமெடுத்தார்.

1912 இல் நியூ செர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ நகரில் 1,00,000 டாலருக்கும் மேற்பட்ட செலவில் சோலாக்ஸ் நிறுவனம் சொந்தத் தளம் அமைத்தது. ஆலிவுட் எழுவதற்கு முன் அமெரிக்கத் திரைப்படத் தொழிலின் மையங்களுள் ஒன்றாக விளங்கியது ஃபோர்ட் லீ. அத்தளத்தில் "இயல்பாக இருங்கள்" என்னும் பொருள்படும் பெரிய அறிவிப்புப் பலகையை நடிகர்களின் கண்ணில் படும்படி ஆலிஸ் தொங்கவிட்டிருந்தார். மேடை நாடகத்தின் மிகையான அசைவுகளே நடிப்பு என்று கருதப்பட்ட காலத்தில் இது புதுமையான அறிவுரையாகும்.

சோலாக்ஸ் படங்கள் குடும்ப வாழ்க்கை, திருமணம், குடியேற்றம், துணிச்சல் செயல்கள் எனப் பல பொருள்களைத் தொட்டன. "அமெரிக்கக் குடிமகனை உருவாக்குதல்" (1912) படத்தில், உருசியாவிலிருந்து வந்த ஒருவன் மனைவியைக் கழுதையோடு சேர்த்து வண்டியில் பூட்டி இழுக்க வைக்கிறான். அவளை அடிக்கும்போதெல்லாம் அயலார் தடுக்கின்றனர். இறுதியில் சிறைத் தண்டனை பெற்றுத் திருந்துகிறான். மனைவியை அடிப்பதைக் குடும்ப விவகாரமாகக் கருதாமல் சட்டத்துக்குரிய குற்றமாகக் காட்டியது இப்படம்.

"உதிரும் இலைகள்" (1912) இன்றும் பரவலாகத் திரையிடப்படும் படம். காசநோயுற்ற மூத்த சகோதரி, கடைசி இலை உதிரும்போது இறந்துவிடுவாள் என்று மருத்துவர் கூறுவதைச் சிறுமி ஒருத்தி கேட்கிறாள். அன்றிரவு தோட்டத்துக்குச் சென்று, உதிர்ந்த இலைகளை எடுத்துக் கிளைகளில் நூலால் கட்டுகிறாள். அவ்வழியே வரும் வேறொரு மருத்துவர் அதைக் கண்டு காரணம் கேட்கிறார். காசநோய்க்கு மருந்து கண்டவர் அவரே. சிறுமியாக நடித்த மாக்டா ஃபாய் "சோலாக்ஸ் குழந்தை" என்றே விளம்பரப்படுத்தப்பட்டார்.

"பிளவுபட்ட வீடு" (1913), "திருமணத்தின் வேக வரம்பு" (1913) இரண்டும் நகைச்சுவைப் படங்கள். முன்னதில், ஒருவரையொருவர் ஐயுறும் கணவனும் மனைவியும் வழக்கறிஞர் வகுத்த ஒப்பந்தப்படி ஒரே வீட்டில் பேசாமல் வாழ்ந்து, துண்டுச் சீட்டு எழுதியே செய்தி பரிமாறுகின்றனர். பின்னதில், பணத்தை இழந்தவன் செல்வமுள்ள காதலியின் உதவியை ஏற்க மறுக்கிறான். நண்பகலுக்குள் மணந்தால் சொத்து வரும் என்று அவள் பொய்த் தந்தி அனுப்ப, அவன் தெருவில் காணும் பெண்களிடமெல்லாம் திருமணம் பேசுகிறான்.

"முட்டாளும் அவன் பணமும்" (1912) முழுவதும் ஆப்பிரிக்க அமெரிக்க நடிகர்களையே கொண்டு எடுக்கப்பட்ட மிகப் பழைய படங்களுள் ஒன்று. எனினும் அக்கால வெள்ளை அமெரிக்கரின் இன மனப்பான்மை இப்படத்திலும், "திருமணத்தின் வேக வரம்பு" படத்தின் ஒரு நகைச்சுவைக் காட்சியிலும் வெளிப்படுவதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

1914 சூலையில் மூவிங் பிக்சர் வேர்ல்ட் என்னும் தொழில் இதழில், திரைப்படத் தயாரிப்பில் பெண்களின் இடம் பற்றி ஆலிஸ் ஒரு கட்டுரை எழுதினார். திரைப்பட ஆக்கத்தில் ஆணால் செய்யக்கூடிய எதையும் பெண்ணால் அதே எளிமையுடன் செய்ய முடியும் என்றும், இவ்வளவு வாய்ப்புகள் இருந்தும் பெண்கள் இத்துறைக்கு வராதது வியப்பளிக்கிறது என்றும் அதில் வாதிட்டார்.

நிறுவனத்தின் வீழ்ச்சி

1913 க்குப் பின் திரைப்படத் தொழில் விரைந்து மாறியது. ஒற்றைச் சுருள் குறும்படங்களின் இடத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் நெடும்படங்கள் பிடித்தன. இவற்றுக்குப் பெரும் முதலீடும் நாடளாவிய விநியோக வலையமைப்பும் தேவைப்பட்டன. சிறு நிறுவனங்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. தொழிலும் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. ஆலிஸ் பிற நிறுவனங்களுக்காக நெடும்படங்களை இயக்கினார். ஃபோர்ட் லீ தளம் வாடகைக்கு விடப்பட்டது. முதலாம் உலகப் போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாடும் 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா பரவலும் அந்நகரின் படத் தொழிலை மேலும் நலித்தன.

1918 இல் கணவர் பிரிந்து ஆலிவுட் சென்றார். ஆலிசும் இன்புளுவென்சாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு உயிர்பிழைத்தார். 1920 இல் வெளிவந்த "களங்கமுற்ற நற்பெயர்கள்" இவருடைய கடைசிப் படம். தளம் கடனில் மூழ்கி ஏலம் போனது. 1922 இல் இரு பிள்ளைகளுடன் பிரான்சுக்குத் திரும்பினார். அங்கே மீண்டும் படமெடுக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதன் பின் அவர் ஒரு படத்தையும் இயக்கவில்லை. குழந்தைக் கதைகள் எழுதியும் திரைக்கதைகளைப் புதின வடிவில் எழுதியும் பொருளீட்டினார்.

மறதியும் மீட்பும்

தொடக்ககாலப் படங்களில் இயக்குநரின் பெயரைக் காட்டும் வழக்கம் இல்லை. நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். எனவே ஒரு படத்தை எடுத்தவர் யார் என்பதற்கு நிறுவன ஆவணங்களும் உடன் பணியாற்றியவர்களின் நினைவுகளுமே சான்று. கோமோன் நிறுவனம் 1930 இல் வெளியிட்ட தன் வரலாற்றில் 1907 க்கு முந்தைய படத் தயாரிப்புப் பற்றிய செய்தி விடுபட்டிருந்தது. ஆலிஸ் இது குறித்து லேயோன் கோமோனுக்கு எழுதினார். அவர் திருத்துவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் திருத்தம் வெளிவராமலேயே 1946 இல் காலமானார். புகழ்பெற்ற திரைப்பட வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சதூல் "கிறிஸ்துவின் வாழ்க்கை" படத்தை உதவியாளர் ஜாசேயின் பெயரில் பதிந்தார்.

தம் உரிமையை நிறுவப் படங்களே வேண்டும் என்பதை ஆலிஸ் உணர்ந்திருந்தார். 1927 இல் அமெரிக்கா சென்று நாடாளுமன்ற நூலகம் உள்ளிட்ட இடங்களில் தேடினார். ஒரு படமும் கிடைக்கவில்லை. பேசாப்படச் சுருள்கள் அக்காலத்தில் பாதுகாக்கத்தக்கவையாகக் கருதப்படவில்லை. பல சுருள்கள் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிக்கப்பட்டன. பல தீப்பற்றியும் சிதைந்தும் போயின. இந்நிலையில் அவர் தம் படங்களின் பட்டியலை நினைவிலிருந்து தொகுத்து, 1940களில் தன்வரலாற்றை எழுதத் தொடங்கினார். அதற்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை.

1954 இல் லேயோன் கோமோனின் மகன் லூயி கோமோன், முதல் பெண் இயக்குநர் அநியாயமாக மறக்கப்பட்டதைப் பாரிசில் ஓர் உரையில் எடுத்துரைத்தார். 1950களில் பிரெஞ்சு அரசின் செவாலியே விருது ஆலிசுக்கு வழங்கப்பட்டது. 1957 இல் பிரெஞ்சுத் திரைப்பட ஆவணக் காப்பகமான சினிமாத்தேக் பிரான்சேஸ் அவரைப் பாராட்டியது. 1964 இல் மகள் சிமோனுடன் அமெரிக்காவுக்குத் திரும்பிய அவர், நியூ செர்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் 94 ஆம் வயதில் காலமானார். தன்வரலாறு அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1976 இல் பிரெஞ்சிலும், 1986 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அதன் பின்னர் பல நாடுகளின் ஆவணக் காப்பகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இவருடைய படச்சுருள்கள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன. அலிசன் மக்மகன் 2002 இல் விரிவான ஆய்வு நூலை வெளியிட்டார். 2003 இல் "திருமணத்தின் வேக வரம்பு" அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2009 இல் நியூ யார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இவருடைய படங்களின் தொடர் திரையிடலைத் தொடங்கியது. 2011 இல் அமெரிக்க இயக்குநர் சங்கம் மறைவுக்குப் பிந்தைய வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. பமேலா கிரீன் இயக்கிய "பீ நேச்சுரல்" என்னும் ஆவணப்படம் 2018 இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சோலாக்ஸ் தளத்தின் அறிவிப்புப் பலகையே அப்படத்தின் தலைப்பு. 2024 சூலை 26 அன்று நடந்த பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பொன்னிறச் சிலைகளாகக் காட்டப்பட்ட 10 பிரெஞ்சுப் பெண்களுள் ஆலிஸ் கீயும் ஒருவர்.

தேர்ந்தெடுத்த திரைப்படங்கள்

1896/1900 – முட்டைக்கோசுத் தேவதை (லா ஃபே ஓ ஷூ)
1902 – முதல்தர மருத்துவச்சி (சாஜ் ஃபாம் த பிரமியேர் கிளாஸ்)
1906 – கிறிஸ்துவின் வாழ்க்கை (லா வீ து கிரிஸ்த்)
1906 – பெண்ணியத்தின் விளைவுகள் (லே ரெசுல்தா து ஃபெமினிஸ்ம்)
1906 – அம்மையாரின் ஆசைகள் (மதாம் ஆ தேஸ் ஆன்வி)
1912 – உதிரும் இலைகள் (ஃபாலிங் லீவ்ஸ்)
1912 – அமெரிக்கக் குடிமகனை உருவாக்குதல் (மேக்கிங் ஆன் அமெரிக்கன் சிட்டிசன்)
1912 – முட்டாளும் அவன் பணமும் (எ ஃபூல் அண்ட் ஹிஸ் மணி)
1913 – பிளவுபட்ட வீடு (எ ஹவுஸ் டிவைடட்)
1913 – திருமணத்தின் வேக வரம்பு (மேட்ரிமனீஸ் ஸ்பீட் லிமிட்)
1916 – கடலோர அனாதை (தி ஓஷன் வெய்ஃப்)
1920 – களங்கமுற்ற நற்பெயர்கள் (டார்னிஷ்டு ரெப்புட்டேஷன்ஸ்)